வராதவர்களின் பெயரை எழுதி வைத்தேன்

2009 மார்ச், ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி. மலேசியாவில் எங்கள் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டம். இரண்டு வகுப்பறைகளுக்கு நடுவே இருந்த பலகைத் தடுப்பை நகர்த்திவிட்டு அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தவர்கள் பதினேழு பேர். என் மகள் அந்த ஆண்டுதான் முதலாம் ஆண்டில் சேர்ந்திருந்தாள். செயலாளர் பொறுப்புக்கு யாரும் முன்வராததால் நான் கை தூக்கினேன்.

கூட்டம் முடிந்து பசியாறிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். வந்த பதினேழு பேரும் பட்டணத்துத் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், இருப்பவர்கள். பள்ளியில் அப்போது 84 பிள்ளைகள். பாதிக்கு மேல் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்கள் வீடுகளிலிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை. "அவங்களுக்குப் பிள்ளைங்க மேல அக்கறை இல்லைங்க" என்றார் பக்கத்தில் இருந்தவர். எனக்குச் சுருக்கென்றது. என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, அப்புறம் காடு, பாலைத் தூக்கி வந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர மதியம் ஆகிவிடும். நான் படித்த ஆறு ஆண்டில் ஒரு பள்ளிக் கூட்டத்துக்குக்கூட அவர் வந்ததில்லை. ஆனால் ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு அவர் இருட்டில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும்.

அன்று மாலை பள்ளிப் பதிவேட்டைப் பார்த்து, வராத குடும்பங்களின் பெயரை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். பெயருக்குப் பக்கத்தில் ஒரு காலி இடம் விட்டேன், ஏன் வரவில்லை என்பதை எழுத. அடுத்த பத்தாண்டில் நான் செய்த வேலைகளில் உருப்படியானவை எல்லாம் அந்தக் காலி இடத்தை நிரப்பப் போனதில் தொடங்கியவைதான்.

எங்கள் ஊர் கீழ்ப் பேராக்கில், பீடோரிலிருந்து தெலுக் இந்தான் போகும் சாலையோரம் இருக்கிறது. ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர், இப்போது பாமாயில் எடுக்கும் செம்பனை. தோட்டத்து லயங்களில் பாதி வீடு காலி. சிலவற்றில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மிச்சமிருக்கும் நம் குடும்பங்கள் பட்டணத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கின்றன, செம்மண் சாலை.

நான் ஒவ்வொரு வீடாகப் போனேன். ஒரே போக்கில் முடியவில்லை, மூன்று வாரம் ஆனது. காரணங்கள் எளியவை. சனிக்கிழமை வேலை நாள். குலை வெட்டுபவருக்கு எடைக்குத்தான் கூலி; ஒரு காலை போனால் அந்தக் காசு போச்சு. மனைவிமார் உதிர்ந்த பழம் பொறுக்கக் கூடவே போகிறார்கள். மோட்டார் சைக்கிள் ஒன்றுதான், அதுவும் புருஷனிடம். இன்னொரு காரணத்தை ஒரு பெண் மட்டும்தான் வாய்விட்டுச் சொன்னாள்: "அங்க வந்தா என்னாக்கா பேசுறது? எல்லாரும் படிச்சவங்க. ஒண்ணு கேட்டா, இதுகூடத் தெரியலையான்னு பாப்பாங்க."

அடுத்த கூட்டத்தைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் வைத்தோம். வெள்ளிக்கிழமை, பூசை முடிந்ததும். தலைமையாசிரியர் முதலில் தயங்கினார். பள்ளி நிகழ்ச்சியைக் கோயிலில் நடத்தினால் மேலிடத்தில் கேட்பார்களே என்ற பயம். சரி, ஆண்டுக் கூட்டம் பள்ளியிலேயே நடக்கட்டும், இது பெற்றோர் சந்திப்பு மட்டும் என்று எழுத்தில் கொடுத்ததும் ஒத்துக்கொண்டார், தானும் வந்தார். நாற்பத்து மூன்று பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சுண்டல் கொடுத்தார்கள். யாரும் மேடையில் இல்லை. குறைநீக்கல் வகுப்பு என்றால் என்ன, அதில் பிள்ளையைப் போட்டால் அவன் மக்கு என்று அர்த்தமா என்று ஒரு தகப்பனார் கேட்டார். ஆறு ஆண்டாக அந்தக் கேள்வியை மனசில் வைத்திருந்தாராம். மூத்த பிள்ளை அதற்குள் பள்ளியை விட்டே போய்விட்டான்.

புதிதாகப் பொறுப்புக்கு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கூட்டத்துக்கு நேரமும் இடமும் குறிக்கும்போதே யாருடைய குரல் கேட்கும், யாருடையது கேட்காது என்பது பாதி முடிவாகிவிடுகிறது. அழைப்புக் கடிதத்தை அச்சடிப்பதற்கு முன், மிகத் தூரத்தில் இருக்கும் வீட்டுக்குப் போய், "உங்களுக்கு எப்போ தோதுப்படும்?" என்று கேளுங்கள்.

இனி நிலத்துக் கதை. அந்த ஆண்டு மழைக்காலத்தில் நான்காம் ஆண்டு வகுப்பின் கூரை உத்திரத்தைக் கரையான் அரித்திருந்தது தெரியவந்தது. விரலால் அழுத்தினால் ரொட்டி மாதிரி உள்ளே போனது. பழுதுபார்க்கப் பணம் கேட்டு ஏற்கெனவே இரண்டு கடிதம் எழுதியிருந்தார்கள், பதில் வரவில்லை. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தமிழ்ப்பள்ளி என்றால் இளப்பமா என்று பேச ஆள் சேர்க்கப் புறப்பட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "அம்மா, முதல்ல பள்ளிக்கூடம் யார் நிலத்துல நிக்குதுன்னு பாரு" என்றார்.

அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்றது. தோட்டக்காரர்கள் தங்கள் நிலத்திலேயே ஒரு கொட்டகையைப் போட்டார்கள். கங்காணியோ கணக்கெழுதும் கிராணியோ வாத்தியாரான இடங்களும் உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு ஆசிரியர் சம்பளத்தையும் பாடத்திட்டத்தையும் அரசாங்கம் ஏற்றது. நிலம் மட்டும் கம்பெனியிடமே நின்றுவிட்டது. அதனால்தான் நாட்டில் உள்ள ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பகுதி இன்னும் 'பகுதி உதவி பெறும் பள்ளி'. சம்பளம் வரும், பாடநூல் வரும். முழு உதவி பெறும் பள்ளிக்குக் கட்டடச் செலவை அரசாங்கம் பார்த்துக்கொள்வதுபோல் நமக்கு வராது. சிறப்பு ஒதுக்கீடு, நன்கொடை, பள்ளி மேலாளர் வாரியத்தின் ஓட்டம் என்று போகும். தலைக்கு இவ்வளவு என்று வரும் மானியமும் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 84 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கும் கூரை கூரைதானே, அளவு குறையுமா?

அதனால் வேலையைத் திருப்பிப் போட்டோம். நில வரி ரசீதிலிருந்து லாட் எண்ணை, அதாவது நிலத் துண்டின் எண்ணை, எடுத்தோம். நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டினால் அந்த எண்ணுக்கு உரிமையாளர் யார் என்று யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். தோட்டம் இரண்டு கை மாறியிருந்தது. அதுவரை போன கடிதங்கள் பழைய கம்பெனி முகவரிக்குப் போயிருந்தன! புதிய கம்பெனிக்கு மலாயில் ஒரு பக்கத்தில் எழுதினோம். மூன்றே செய்தி: பள்ளி உங்கள் நிலத்தில் இருக்கிறது, உத்திரத்தின் நிலை இது, பழுதுபார்க்க ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதம் வேண்டும். உத்திரத்துக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்து எடுத்த படம் நான்கு. அதன் நகல் கல்வி இலாகாவுக்கு, இன்னொன்று எங்கள் கோப்புக்கு. நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, எங்கள் நகலில் தேதியோடு 'பெற்றுக்கொண்டோம்' என்ற சாப்பா (முத்திரை) வாங்கினோம். அந்தச் சாப்பா இல்லாமல் ஒரு கடிதத்தையும் கொடுத்துவிட்டு வராதீர்கள். அதிகாரி மாறிப் போவார், அடுத்தவர் "வரவே இல்லையே" என்பார். சாப்பா இருந்தால் பேச்சு அங்கேயே முடியும். கம்பெனியின் கடிதம் வர ஐந்து மாதம், கூரை மாற அதற்குமேல் ஒன்பது மாதம். நான்காம் ஆண்டு அதுவரை சிற்றுண்டிச் சாலையில் படித்தது.

நான் செய்த ஒரு தவற்றையும் எழுத வேண்டும். 2011-இல், ஏழைப் பிள்ளைகளுக்கான உதவிக்கும் உணவுத் திட்டத்துக்கும் விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களிடம் சம்பளச் சீட்டு கிடையாது; அதனால் மிகவும் தேவைப்பட்டவர்களே விட்டுப்போனார்கள். இதைச் சரிசெய்து பதினொரு பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தோம். அந்தச் சந்தோஷத்தில், அடுத்த கூட்டத்தில் பதினொரு பெயரையும் சத்தமாக வாசித்துவிட்டேன். இன்னார் வீட்டில் அப்பா இல்லை, இன்னார் வீட்டில் கரண்ட் கட்டாமல் நிறுத்திவிட்டார்கள் என்று விளக்கம் வேறு சொன்னேன். உதவி கேட்கும்போது நிலைமையைச் சொன்னால்தானே மற்றவர்கள் மனசு இளகும் என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து மூன்று நாள் ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். தாயார் என்னை உள்ளே கூப்பிட்டு மைலோ கலக்கிக் கொடுத்தார். அப்புறம், "சாப்பாடு குடுத்தீங்க, நன்றி. எங்க வூட்டு இருட்ட ஏன் நாலு பேருக்குக் காட்டுனீங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று, நான் போகும்வரை முகம் காட்டவில்லை. அதற்குப் பிறகு பெயர்ப் பட்டியலை நான், தலைமையாசிரியர், வகுப்பாசிரியர் மூவரைத் தவிர யாரும் பார்த்ததில்லை. உணவு வாங்கும் பிள்ளைகளைத் தனி வரிசையில் நிறுத்தும் பழக்கத்தையும் தலைமையாசிரியர் எடுத்துவிட்டார். ஒருவருக்காகப் பேசப் போகும் முன், எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்று அவரிடமே கேட்க வேண்டும். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு பிள்ளையின் மூன்று நாளைச் செலவழித்துக் கற்றுக்கொண்டேன்.

2015-இல் மகள் இடைநிலைப்பள்ளிக்குப் போனாள். அங்கே தமிழ் வகுப்பு இல்லை. "ஆசிரியர் இல்லை" என்றார்கள். எனக்கு என் பழைய கதை நினைவுக்கு வந்தது. நான் 1988-இல், ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். முதன்முதலாக வந்த ஆண்டில், அந்தச் சோதனையை எழுதினேன். மலாயில் தேறாததால் தமிழ்ப்பள்ளியிலிருந்து போன எங்களில் பலரைப் புகுமுக வகுப்பில் போட்டார்கள். மற்றவர்களைவிட ஓராண்டு பிந்தி முதலாம் படிவம், அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பு. தமிழையாவது விட்டுவிடக்கூடாது என்று ஆசை, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கேட்கலாம் என்பதே எங்கள் பெற்றோருக்குத் தெரியாது.

கேட்கலாம். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழோ சீனமோ கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். இடைநிலைப்பள்ளியின் முதல்வர் ஒரு மலாய் அம்மையார். நான் சட்டத்தைச் சொன்னதும் முகம் சுளிக்கவில்லை. "புவான், பதினைந்து பெற்றோரின் கையெழுத்தும் பிள்ளைகளின் பெயரும் கொடுங்கள், நான் ஆசிரியர் கேட்டு எழுதுகிறேன். என் கையில் காகிதம் இல்லாமல் நான் எப்படிக் கேட்பது?" என்றார். அதுவரை வந்தவர்கள் எல்லோரும் வாயால் குறை சொல்லிவிட்டுப் போனார்களாம். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் நம் கடிதம் ஒரு பிடிமானம் என்று அன்று புரிந்தது.

பதினான்கு கையெழுத்து ஒரு வாரத்தில் வந்தது. பதினைந்தாவது, தோட்டத்தில் பேரனை வளர்க்கும் ஒரு பாட்டி. அவர் எப்போதும் கைநாட்டுத்தான். மைப்பெட்டியோடு போனேன். பாட்டி மைப்பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, "தமிழுக்குக் கேக்குறோம், நான் உருட்டி வைக்கவா? நாளைக்கு வா தாயி" என்றார். மறுநாள் போனபோது நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம் முழுக்கத் தன் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்திருந்தார், பேரன் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து. மெய்யெழுத்தின் புள்ளியை ஒவ்வொரு முறையும் கடைசியில், பேனாவைத் தூக்கி, குங்குமம் வைப்பதுபோல் வைத்தார். பாரத்தில் அவர் பெயர் கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துக் கட்டத்துக்குள் போயிருந்தது. இடைநிலைப்பள்ளி அலுவலகத்தில் ஒருவர், இது செல்லுமா என்று கேட்டார். முதல்வர் வாங்கிப் பார்த்து, "செல்லும்" என்று சொல்லிக் கோப்பில் வைத்தார்.

வகுப்பு கிடைத்தது. வேறு பள்ளியிலிருந்து வாரம் ஒருமுறை வரும் ஆசிரியை, புதன்கிழமை இரண்டரை முதல் நான்கு வரை. பத்தொன்பது பேர் சேர்ந்தார்கள். மூன்றாவது வாரம் எட்டுப் பேர். பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று பேச்சு கிளம்பியது, அதே பழைய பேச்சு. நோட்டை எடுத்தேன். நின்றுபோன பதினொருவரும் தோட்டத்துப் பிள்ளைகள். பள்ளி பஸ் ஒன்றரைக்குப் போய்விடும். நாலு மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் எப்படிப் போவது? வகுப்பை எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான் திறந்து வைத்தார்கள். ஆனால் தாமான் பிள்ளைக்கு அது ஐந்து நிமிட நடை, தோட்டத்துப் பிள்ளைக்கு வீடு போக வழியே இல்லாத ஒரு மாலை. இதைக் கணக்கில் எடுக்காமல் உரிமை வாங்கிவிட்டோம் என்று நான் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

கோயில் கமிட்டியில் பேசினோம். ஒருவரிடம் பழைய வேன் இருந்தது. பெட்ரோலுக்கும் ஓட்டுநருக்கும் ஒரு புதனுக்கு நாற்பது வெள்ளி (ரிங்கிட்). பாதியைக் கோயில் ஏற்றது, மீதியைப் பெற்றோர்கள் பகிர்ந்துகொண்டோம். தாமான் பெற்றோரும் பங்கு கொடுத்தார்கள். இதற்கு இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், எங்கள் பிள்ளை வேனில் ஏறவில்லையே என்று. பதினைந்து பேர் இல்லையென்றால் வகுப்பே நிலைக்காது, உங்கள் பிள்ளைக்கும்தான் போகும் என்று சொன்னேன். அப்புறம் கொடுத்தார்கள். அந்த எண்ணிக்கைதான் எங்களை ஒன்றாகக் கட்டி வைத்தது என்று நினைக்கிறேன். பாட்டியின் பேரன் 2019-இல், இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எழுதினான்.

என் இளையவன் 2018-இல் ஆறாம் ஆண்டை முடித்ததும் தமிழ்ப்பள்ளிச் சங்கத்திலிருந்து விலகினேன். "அங்க வந்தா என்னாக்கா பேசுறது?" என்று கேட்டாளே, அந்தப் பெண்தான் எனக்குப் பிறகு செயலாளர். ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் கூட்டக் குறிப்பை வாசிக்கச் சொன்னேன். பிறகு இலாகாவுக்குப் போகும்போது கூட்டிப்போனேன். அதிகாரி என்னைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் அவளைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் அறையே அமைதியாக இருந்தது. அப்புறம் அவள் பேசினாள், தோட்டத்து மலாயில், தப்பும் தவறுமாக, ஆனால் எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்து எந்த வழியாக வருகிறது என்பது வரை. அந்த விவரம் என்னிடம் இருந்ததே இல்லை. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் நாம் வாயைத் திறந்துவிடுவதால்தான் பல இடங்களில் இருபது ஆண்டு ஒரே ஆள் தலைவராக இருக்கிறார்.

2019 தொடக்கத்தில் அவளிடம் ஒரு பையன் வந்தான். எட்டு வயது, ஒரு பள்ளியிலும் இல்லை. பெற்றோர் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள், பதிவு செய்யவில்லை. 1982 மார்ச் முதல், பதிவில்லாத திருமணம் நம்மவர்களுக்குச் சட்டப்படி செல்லாது. அதனால் தகப்பன் மலேசியராக இருந்தும் பிள்ளைக்கு அவருடைய குடியுரிமை வரவில்லை. தாயிடமோ அடையாள அட்டையே இல்லை. முன்பெல்லாம் இப்படிப்பட்ட பிள்ளை பள்ளி வாசலோடு திரும்பிவிடும். அந்த ஆண்டு, பெற்றோரில் ஒருவர் மலேசியராக இருந்தால் சேர்த்துக்கொண்டு ஆவணங்களுக்கு அவகாசம் தரலாம் என்று அமைச்சு தளர்த்தியிருந்தது. அவள் அந்தச் செய்தியை அச்செடுத்து, தகப்பனாரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். நான் கூடப் போனேன், பேசவில்லை. பையன் முதலாம் ஆண்டில் உட்கார்ந்தான், மற்றவர்களைவிட ஒரு தலை உயரம். பதிவிலாகாவுக்கு நடப்பது இன்னும் நிற்கவில்லை. உங்கள் தோட்டத்தில் திருமணம் நடந்தால், மொய் எழுதும் மேசையிலேயே 'பதிவு செய்துவிட்டீர்களா' என்று கேளுங்கள். பிள்ளை பிறந்தபின் ஓடுவதைவிட அது எத்தனையோ சுலபம்.

போன வாரம் அவள் போன் செய்தாள். தோட்டம் மறுபடியும் கை மாறப் போகிறதாம். பள்ளி நிலத்தைத் தனியாகப் பிரித்துத் தரும்படி இப்போதைய கம்பெனியிடம் கேட்டு வாங்கிய கடிதம் எங்கே என்று கேட்டாள். நீலக் கோப்பில், லாட் எண் எழுதிய தாளுக்கு அடுத்தது, சாப்பா வலது மூலையில் இருக்கும் என்றேன். எடுத்துவிட்டாள். திங்கட்கிழமை காலை நில அலுவலகம் திறந்ததும் போகிறார்கள். தோட்டத்திலிருந்து ஏழு பேர். வேனுக்குச் சொல்லியாகிவிட்டது.